பதினேழாவது சிட்டிங்

அப்பாவின் பிணத்தைக் குளிப்பாட்ட எடுத்த நீர்மாலைக் குடத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு காசிமாயன் ராசிங்காபுரத்துத் தெருமுனையில் திரும்பியபோது, எதிரே வந்த வெள்ளைக் கார் கொட்டுக்காரர்களுக்கு வழிவிடாமல் நடுத்தெருவில் நின்றது. முதலில் மாலை இறங்கியது, அதன் பின்னால்தான் வீரணன் இறங்கினான். மாலை மாட்டுவண்டிச் சக்கரம் கணக்காய் இருந்தது. குறுக்கே ஒட்டிய ரிப்பனில் செத்தவர் பெயர் சிறிதாகவும், 'பிராண ஜோதி ஆக்சிஜன் வெல்னஸ் மையம், போடி' என்பது பெரிதாகவும் இருந்தன. கீழே இரண்டு செல்போன் எண்கள்.

மூன்று வருடத்துக்கு முன்பு வரை வீரணன் பைக்கில் வீடு வீடாகப் போய்க் காந்தப் படுக்கை விற்றவன். ஏதோ ஒரு ஓட்டலில் நடந்த இரண்டு நாள் மாநாட்டுக்குப் போய்க் கழுத்தில் அடையாள அட்டைப் பட்டையோடு திரும்பினான். அன்றைக்கே பெயருக்கு முன்னால் 'டாக்டர்' வந்து ஒட்டிக்கொண்டது.

"அப்பாவோட ஒடம்புல செல்லு ஒவ்வொண்ணும் இருபத்தஞ்சு வயசுக்குத் திரும்பியிருந்துச்சு காசி," என்றான், காசிமாயனின் ஈரத்தோளைத் தொட்டு. "ரிப்போர்ட்டு அப்படித்தான் சொல்லுது. ரொம்ப ஆரோக்கியமாத்தான் போயிருக்காரு."

"ஆரோக்கியமா இருந்தா எதுக்குய்யா போறாரு?" என்றார் பின்னால் வந்த தாய்மாமன் பொன்னுமணி. கொட்டுக்காரர் ஒருவர் சிரித்துவிட்டு அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

வீரணன் அசரவில்லை. காசிமாயனின் காதருகே குனிந்தான். "ரெண்டு வரி வீடியோ பேசிக் குடுத்துருங்க. எங்க சென்டர்ல அப்பாவுக்கு என்ன மாற்றம் தெரிஞ்சுச்சுன்னு. இப்ப வேணாம், கருமாதி முடியவும்."

காசிமாயனின் அப்பா மொக்கச்சாமி குரங்கணிக்கு மேலே ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் முப்பத்திநாலு வருடம் அடுப்பெரித்தவர். காய் பச்சை மாறாமல் காய்ந்தது, அவருடைய நெஞ்சு கரியாய்ப் போனது. தேனியில் பார்த்த டாக்டர் மருந்து உறிஞ்சும் குழலைக் கொடுத்து, மாதாமாதம் வரச் சொன்னார். இவ்வளவு எளிமையான வைத்தியத்தில் காசிமாயனுக்கு நம்பிக்கை வரவில்லை. அவன் எஸ்டேட்டுக்கு ஆளேற்றும் ஜீப் ஓட்டுகிறவன். மலை ஏறும்போதெல்லாம் போனில் வீரணன் பேசிக்கொண்டே வந்தான்: சிவப்பு விளக்குக் குளியல், காந்த அலைப் பாய், ஹைட்ரஜன் தண்ணீர், கடைசியில் அழுத்தம் ஏற்றிய ஆக்சிஜன் அறை. "தனித்தனியாச் செஞ்சா கூட்டல். ஒண்ணாச் சேந்தா பெருக்கல்!"

முதல் நாள் சிவப்பு விளக்குக்கு அடியில் சட்டையில்லாமல் படுத்துக்கொண்டு மொக்கச்சாமி கேட்டார்: "ஏன் அப்பு, என்னையக் கோழிக்குஞ்சுன்னு நெனச்சுட்டாகளா?" பிறகு அந்த அறையைப் பார்த்தார். படுத்த வாக்கில் வைத்த இரும்புப் பீப்பாய், முகத்துக்கு மேலே வட்டமாக ஒரு கண்ணாடி. "மலையில ஓசியாக் கெடக்குற காத்த டவுன்ல டப்பாவுல அடச்சுல்ல குடுக்குறாய்ங்க."

"பேசாம படுங்கப்பா."

கொடுத்த படிவத்தில் நுரையீரல் நோய் உண்டா என்று ஒரு கேள்வி இருந்தது. "உண்டுன்னு போட்டா கம்ப்யூட்டர் எடுத்துக்காதுண்ணே," என்றாள் அங்கே வேலை பார்த்த பானுப்பிரியா. கம்ப்யூட்டரைக் கஷ்டப்படுத்த வேண்டாமென்று காசிமாயன் 'இல்லை' என்பதில் குறியிட்டான்.

நேற்று பகல் பதினேழாவது சிட்டிங். நாற்பது நிமிடம் ஆகியிருக்கும், உள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்டது. கண்ணாடியில் அப்பாவின் வாய் அசைந்தது. பேச்சு வெளியே வரவில்லை. வீரணன் அடுத்த அறையில் யாருக்கோ பெருக்கலை விளக்கிக்கொண்டிருந்தான்.

"எறக்கிறவாண்ணே?" என்றாள் பானுப்பிரியா, விசையில் கை வைத்தபடி. "அழுத்தத்த மெதுவாத்தான் எறக்கணும். இப்ப ஆரம்பிச்சா பத்து நிமிசத்துல தொறந்துறலாம். நீங்க சொல்லுங்க."

காசிமாயன் பன்னிரண்டு வயதில், காய் எப்படி இருக்கிறதென்று பார்க்கும் ஆசையில் ஸ்டோர் கதவைப் பாதியில் திறந்துவிட்டான். அன்று மொக்கச்சாமி கன்னத்தில் விட்ட அறையில் காதில் இரண்டு நாள் வண்டு கத்தியது. 'அடச்ச கதவப் பாதியில தொறந்தா நெறம் செத்துப்போகும்டா, எடுபட்ட பயலே.' அப்பா அவனுக்குச் சொல்லிக்கொடுத்த தொழில் அந்த ஒன்றுதான்.

"வேணாம்மா," என்றான். "பாதியில தொறந்தா பலன் போயிரும். அவருக்கே தெரியும்."

தட்டல் வேகமானது. பிறகு விட்டு விட்டுக் கேட்டது. பிறகு நின்றது. தூங்கிவிட்டார் என்று நினைத்துக் காசிமாயன் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கதவு திறந்தபோது உதடு நாவல்பழம் தின்றதுபோல இருந்தது. ஜீப்பில் ஏற்றி ரோட்டுக்கு வருவதற்குள் மூச்சு அடங்கிவிட்டது. கூட ஏறியிருந்த வீரணன்தான் சொன்னான்: "ஆசுபத்திரின்னா அறுப்பாங்க. வீட்டுக்கு விடுங்க." அவன் சொன்னதில் அந்த ஒன்று மட்டும் மருத்துவம் தெரிந்தவன் சொன்னதுபோல இருந்தது.

பந்தலில் பிணத்தைப் பெஞ்சில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். வந்தவர்கள் தலையில் எண்ணெயும் அரப்பும் வைத்துவிட்டு நகர்ந்தார்கள். நகர்கிற ஒவ்வொருவரும் காசிமாயனைப் பார்த்து ஒரு நல்ல வார்த்தை சொன்னார். "பெத்தா இவனப் போலப் பெக்கணும்." "பண்ணையாருக்குக்கூட இந்த வைத்தியம் வாய்க்கலப்பா." நல்ல வார்த்தை ஒவ்வொன்றுக்கும் அவன் தலை ஒரு அங்குலம் தாழ்ந்தது. குடம் தோளிலேயே இருந்தது.

முனியாயி புருசனின் வலது கையை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். முட்டிகளில் அவள் விரல் நின்றது. நான்கு முட்டியிலும் வரிசையாகத் தோல் உரிந்து, உள்ளே வெளுத்திருந்தது.

"இது என்னப்பு?"

"ஜீப்புல ஏத்தும்போது ஒரசிருச்சாத்தா."

ஜீப்பில் உரசினால் கை எங்காவது கீறும். வரிசையாக நான்கு முட்டியில், ஒரே ஆழத்தில் உரியாது. அது தெரிவதற்கு மாநாட்டுக்குப் போய்வர வேண்டியதில்லை. முனியாயி மகனின் முகத்தைப் பார்த்தாள்.

"நீ எங்க இருந்த?"

"பக்கத்துலதான்."

"பக்கத்துலயா?"

குடத்துத் தண்ணீர் தளும்பி அவன் கழுத்து வழியே இறங்கியது. "பக்கத்துலதான் ஆத்தா," என்றான்.

கொட்டுச் சத்தம் நின்று, யாரோ டீ கொண்டுவரச் சொன்னார்கள். பொன்னுமணி குனிந்தார். "என்னக்கா பாக்குற? கையில என்ன?"

"ஒண்ணுமில்ல. சந்தனத்தக் கொண்டா."

"இன்னும் தண்ணியே ஊத்தல. அதுக்குள்ள சந்தனமா?"

"கொண்டாடான்னா."

கிண்ணம் வந்தது. முனியாயி சந்தனத்தை அள்ளி அந்த நான்கு முட்டிகளிலும் தடிமனாக அப்பினாள். இடுக்குகளில் விரலைவிட்டு வழித்துச் சரி செய்தாள். பிறகு இடது கையை எடுத்து விரித்து, ஒவ்வொரு விரலாகத் திருப்பிப் பார்த்தாள்.

"ஊத்து," என்றாள், மகனைப் பார்க்காமல். "வெரசா ஊத்து."

காசிமாயன் குடத்தைச் சாய்த்தான். தலையில் விழுந்த தண்ணீர் எண்ணெயையும் அரப்பையும் கரைத்துக்கொண்டு இறங்கியது. முனியாயி தண்ணீர் படாமல் அந்த வலது கையை மட்டும் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.