ஒரு கரண்டி எண்ணெய்ப் பொரியல்

என் அண்ணை செல்வரட்ணம் சென்னையிலிருந்து எங்கள் ஊர் கொக்குவிலுக்குக் கொண்டுவந்தவை இரண்டு: ஓர் இருமல், ஒரு சமையல் புத்தகம். அங்கே அவர் எச்சில் இலை எடுத்த சைவ ஹோட்டல்காரர் அச்சடித்த புத்தகம்.

பொருளாதாரத் தடை வந்தபின் அந்தப் புத்தகம் எங்கள் வீட்டில் நன்றாக வேலை செய்தது. நாங்கள் அவித்த மரவள்ளியைத் தின்போம். அண்ணை நெய் ரோஸ்டை வாசிப்பார்.

"மெல்லமாய் வாசியடா, விக்குது," என்பார் அம்மா.

"தண்ணியைக் குடியுங்கோ. அடுத்தது பாதாம் அல்வா."

ஒரு புதன்கிழமை ஒரு பக்கத்தின் மூலையை மடித்தார். "கத்தரிக்காய்ப் பொரியல். உதொண்டுதான் எங்களாலை செய்யேலும். ஆசையாய்க் கிடக்கு. நாளைக்கு வாசிக்கிறன்."

மறுநாள் சங்கக்கடையில் சீனிக்கு நின்ற வரிசைமேல் பொம்மர் குண்டு போட்டது. சீனி மிஞ்சியது. அண்ணை மிஞ்சவில்லை.

எட்டாம் நாள், எட்டுச்செலவு அன்று, செத்தவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைக்க வேண்டும். வீட்டில் இருந்தது அரைப்போத்தல் தேங்காயெண்ணெய். அது வடைக்கு என்றார் சமையலுக்கு உதவ வந்த குணலட்சுமி மாமி.

"வடை சனத்துக்கு. என்ரை பிள்ளை கேட்டது பொரியல்," என்றார் அம்மா.

"புத்தகத்தைப் பாக்கட்டோ?" என்றேன்.

"பொரிக்கிறதுக்கும் புத்தகமோடா?"

எங்கள் ஊரில் பொரியல் என்றால் எண்ணெயில் முங்க வேண்டும். அம்மா போத்தலைத் தாச்சிச் சட்டியில் கவிழ்த்தார். கத்தரிக்காய் எண்ணெயைக் குடித்து மொறுமொறுவென்று வந்தது.

"இப்ப வாசி, அவன் வாசிக்கிறமாதிரி."

வாசித்தேன். எண்ணெய் ஒரு கரண்டி. கடுகு தாளித்து, கத்தரிக்காயை வதக்கி, தேங்காய்த் துருவல் தூவி இறக்கவும். நான்கு பேர் சாப்பிடலாம்.

"உது வதக்கலெல்லோ!" என்றார் மாமி. "உதுக்குப் போய்ப் பொரியல் எண்டு பேர் வைச்சிருக்கிறாங்கள்."

அம்மா தாச்சியைப் பார்த்தபடி நின்றார். "அப்ப அவன் கேட்டது இதில்லையோ?"

பிறகு தாச்சியைச் சரித்தார். அடியில் ஒரு கரண்டி எண்ணெய் கறுத்துக் கிடந்தது. கழித்துப்போட்ட சூத்தைக் கத்தரிக்காயில் நல்ல பக்கத்தை வெட்டியெடுத்து, புத்தகத்தின்படி வதக்கினார்.

படையலில் வடை இல்லை, பொரியல் இரண்டு. காகத்துக்கு இரண்டிலும் வைத்தோம். அது தலையைச் சாய்த்து இரண்டையும் பார்த்தது. மொறுமொறுத்ததைத் தூக்கிக்கொண்டு மதிலில் போயிருந்து தின்றது.

எட்டு நாளாய் அழாத அம்மா அப்போதுதான் அழுதார். "பாத்தியே, மெட்ராசுக்குப் போயும் அவன்ரை வாய் மாறேல்லை."

மற்றதை நாங்கள் சாப்பிட்டோம். நன்றாகத்தான் இருந்தது. வாசிக்க ஆளில்லை.