ஐந்து நாள் கையெழுத்து

1

இந்தக் கதை ஓர் அறிக்கையிலிருந்து வந்தது. அறிக்கையை எழுதியவளும் நான்தான்.

பதினொரு பக்கம். தலைப்பு: எரிசக்தியும் பாதுகாப்புக் கொள்கையும் – மாணவர் கல்விப் பயணம், வில்னியஸ். எங்கள் தலைநகர் கிஷினாவிலிருந்து பன்னிரண்டு மாணவர்கள், ஐந்து நாள், ஜனவரி மாதம். செலவு முழுவதும் ஓர் ஐரோப்பிய நிதியத்துடையது. நான் உடன் சென்ற ஆசிரியை.

ஏழாம் பக்கத்தில் ஒரு வரி எழுதியிருந்தேன்: "ஒரு மாணவி குடும்பக் காரணத்தால் மூன்றாம் நாளே ஊர் திரும்பினார்." பிறகு அதை நீக்கினேன். பின்னிணைப்போடு அது ஒத்துப்போகவில்லை. பின்னிணைப்பு வருகைப் பட்டியல். அதில் அந்த மாணவி, ஸ்னெஷானா, வெள்ளிக்கிழமை வரை வந்திருக்கிறாள். ஐந்து கையெழுத்தும் அவளுடையவை.

எங்கள் நாட்டில் திட்டப் பயணம் போனவர்களுக்கு இது புரியும். முதல் நாள் காலை உணவின்போதே தாளைச் சுற்றுக்கு விடுவோம். "எல்லா நாளுக்கும் இப்பவே போட்டுடுங்க, அப்புறம் தேடிக்கிட்டு இருக்க முடியாது." நான்தான் சொன்னேன். ஒரு கையில் ரொட்டி, ஒரு கையில் பேனா. எல்லோரும் போட்டார்கள்.

2

தொடக்கங்கள்.

"அந்த ஜனவரி முதல் தேதி, நீஸ்டர் ஆற்றின் இடது கரைக்கு வந்துகொண்டிருந்த எரிவாயு நின்றது." உண்மை. ஆனால் இது செய்தித்தாள் வாக்கியம். இதில் யாருக்கும் குளிரவில்லை.

"வில்னியஸில் பனி பெய்துகொண்டிருந்தது, ஸ்னெஷானாவின் கண்களில் –" வேண்டாம். அவள் கண்களை நான் அப்போது பார்க்கவில்லை.

மூன்றாவது, பேருந்தில் என் பின் இருக்கையில், ஸ்னெஷானாவின் கைபேசியில் கேட்டது:

"அப்பா, மேல் சன்னல் திறந்திருக்கா?"

"திறந்திருக்கு தாயே. உறைஞ்ச ஆத்துல உக்காந்து மீன் பிடிக்கிற மாதிரி இருக்கு."

"பொய் சொல்லாத. கேமராவத் திருப்பு."

"உங்கம்மா வெளிநாட்டுல, பொலோன்யாவுல இருந்துக்கிட்டே என்னை இப்படி விரட்டினதில்ல."

"திருப்புப்பா."

இதையே வைத்துக்கொள்கிறேன்.

அப்பா பெயர் கிரிகோரே. அந்த இடது கரையில், ரிப்னிட்சாவில், மூன்றாம் மாடி வீடு. எரிவாயு நின்றதும் ஊர் ஆலை மூடியது, வீட்டுக் கணப்பும் நின்றது. அவர் சமையலறையில் ஓர் இரும்பு அடுப்பை வைத்தார். பழைய சிலிண்டரை வெட்டி அவரே செய்தது. புகைக்குழாயைச் சன்னல் வழியே வெளியே விட்டார். குழாய் சரியாகப் பொருந்தவில்லை, புகை உள்ளே கசிந்தது. அடுப்பு எரியும்போது மேல் சன்னல் திறந்திருக்க வேண்டும் என்பது மகள் போட்ட விதி.

அவருக்கோ காற்று ஊடுருவினால் ஆகாது.

[எங்களில் யாருக்கும் ஆகாது. எதிரெதிராக இரண்டு சன்னல் திறந்தால் பல் வலிக்கும், காது அடைக்கும், வாய் கோணிக்கொள்ளும் என்று நம்புகிறவர்கள் நாங்கள். என் கணவர் பொறியாளர். ஆகஸ்டில்கூடக் காரின் இரண்டு கண்ணாடியையும் சேர்த்து இறக்க விடமாட்டார்.]

அதனால் அவள் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அழைத்தாள். வழி நெடுக.

"உங்கப்பாவையும் கூட்டிட்டு வந்திருக்கலாம்டி," என்றான் டோரின். வகுப்பின் வாயாடி. "எரிசக்திப் பாதுகாப்புல நம்ம எல்லாரையும்விட அவருக்குத்தான் அனுபவம்."

எல்லோரும் சிரித்தோம். அவளும்.

3

இங்கே ஓர் ஐயம். இந்தப் பெண் ஏன் கிளம்பினாள்? தந்தையை அப்படி விட்டுவிட்டு வரும் மகளை வாசகர் நம்புவாரா?

அவள் வரமாட்டேன் என்றுதான் சொன்னாள். நான் விடவில்லை. எங்களோடு சேராமல் பிரிந்து நிற்கும் இடது கரையிலிருந்து ஒரு மாணவி என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்காகவே பயணம் கிடைத்தது என்று நிதியத்து அதிகாரி பிறகு சொன்னார். அவள் அப்பாவும் என் பக்கம் சேர்ந்துகொண்டார். "போயிட்டு வா. எங்களுக்கு எப்போ சூடு வரும்னு அங்க கேட்டுட்டு வா" என்றாராம்.

ஆகவே ஐயம் அவள்மேல் அல்ல. ஆசிரியை பாத்திரத்தின்மேல். அவளைப் படர்க்கையில் எழுதிப் பார்த்தேன். "ஆசிரியை கண்டிப்பானவள், ஆனால் உள்ளுக்குள் –" உள்ளுக்குள் என்ன என்று தெரியாததால் நிறுத்தினேன்.

4

புதன்கிழமை. மூன்றாம் நாள். காலை ஒன்பது முதல் ஒன்று வரை பயிற்சி: ஒரு கற்பனை நாடு, மூன்று நாளைக்கு மட்டும் எரிவாயு, யாருக்குக் கொடுப்பது, யாருக்கு நிறுத்துவது. அரங்க வாசலில் கைபேசிகளுக்கு மரப் பெட்டி. எண் போட்ட சிறு அறைகள், சிறு சாவிகள்.

"மேடம், நான் மட்டும் வச்சுக்கட்டுமா? சத்தம் வராது."

"எதுக்கு?"

"பத்து மணிக்கு அப்பா அடுப்பு பத்த வைப்பாரு. ஒரு வார்த்தை பேசணும்."

"எல்லாருக்கும் அப்பா இருக்காங்க, ஸ்னெஷானா."

"ஒரே ஒரு நிமிஷம் மேடம்."

"அம்பத்திரண்டு வயசு ஆளுக்குச் சன்னல் திறக்கத் தெரியாதா? ஒரு மணிக்கு முடிஞ்சுடும். வை."

வைத்தாள். பதினான்காம் அறை. பூட்டிவிட்டுச் சாவியை என் கையில் கொடுத்தாள். [சாவி அவரவரிடம் இருக்கலாம். அவள் கொடுத்தது கோபத்தில்.]

அன்று நிதியத்து அதிகாரி பார்வையிட வந்திருந்தார். என் வரிசை ஒழுங்காக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். இது காரணம். சமாதானம் அல்ல.

டோரின் அமைச்சர். ஸ்னெஷானா விநியோக அதிகாரி.

"மருத்துவமனைக்கு முதல்ல," என்றான் டோரின். "அடுத்து ஆலைக்கு. வீடுங்க ரெண்டு நாள் தாங்கும்."

"எப்படித் தாங்கும்?"

"சமாளிப்பாங்க. கம்பளி இருக்கு, கட்டில் இருக்கு, ஒயின் இருக்கு."

"எப்படிச் சமாளிக்கிறாங்கன்னு எழுதுங்க, அமைச்சரே. அதையும் கணக்குல சேக்கணும்."

நிதியத்து அதிகாரி குறிப்பெடுத்துக்கொண்டார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அரங்கு புழுங்கியது. நடத்துநர் ரீமாஸ், அந்த ஊர்க்காரர், எழுந்து சன்னலைத் திறந்தார். எதிரே கதவும் திறந்திருந்தது. எங்கள் வரிசை முழுவதும் ஒரே நேரத்தில் கழுத்தைப் போர்த்தியது.

"சார், எங்களைக் கொன்னுடாதீங்க," என்றான் டோரின்.

"திறந்தே இருக்கட்டும்," என்றாள் ஸ்னெஷானா. மெதுவாகத்தான் சொன்னாள்.

நான் எழுந்து போய் மூடினேன்.

[எழுதிய பிறகு பார்த்தால் இது மிகவும் பொருத்தமாக இருக்கிறது. கதைக்காகச் சேர்த்தது போல. நீக்கப் பார்த்தேன். நடந்ததை எப்படி நீக்குவது? அறிக்கையில் நீக்கினேன்.]

5

இந்தப் பகுதிக்கு இரண்டு வரைவுகள்.

முதல் வரைவு: "பதினொன்றாக எட்டு நிமிடம் இருந்தபோது காப்பி எடுக்க வெளியே வந்தேன். பெட்டி அதிர்ந்துகொண்டிருந்தது. சாவியைத் திருப்பினேன். திரையில் 'அப்பா' என்று இருந்தது. அவளைக் கூப்பிட்டேன். அவள் ஓடி வந்து –"

இதற்கு மேல் எழுத வரவில்லை. எழுதினால் அவர் பிழைத்துக்கொள்கிறார்.

இரண்டாம் வரைவு: காப்பி எடுக்க வெளியே வந்தேன். பெட்டி அதிர்ந்துகொண்டிருந்தது. மரத்துக்குள் வண்டு மாட்டிய சத்தம். நின்றது. மறுபடி வந்தது. சாவி என் சட்டைப் பையில். இரண்டாவது தடவை நிற்கும் வரை கோப்பையோடு நின்றேன். வாங்கி வைத்தது நல்லதாகப் போயிற்று, இல்லையென்றால் அதிகாரி முன்னால் எழுந்து போயிருப்பாள் என்று நினைத்தேன்.

ஒரு மணிக்குக் கைபேசியைக் கொடுத்தேன். தவறிய அழைப்பு இரண்டு. அவள் திருப்பி அழைத்தாள். எடுக்கவில்லை. கீழ் வீட்டுத் தமாரா அத்தையை அழைத்தாள். அக்கம்பக்கத்தார் கதவை உடைத்தார்கள். மேல் சன்னல் மூடியிருந்தது. இடுக்கில் துண்டு திணித்திருந்தது.

தலை வலிக்கிறது என்று சொல்ல அழைத்தாரா, அவளைக் கேலி செய்யவா, தெரியாது. புகையில் தலை வலித்தால் உடனே கூப்பிடு என்று அவள் சொல்லி வைத்திருந்தாள்.

ரீமாஸ் என்னிடம் வந்தார். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கைபேசிய உள்ள விட்டிருப்போமே," என்றார். குற்றம் சாட்டும் குரல் அல்ல.

அன்று மாலையே விமான நிலையத்துக்கு அழைத்துப்போனேன். வரிசையில் நின்றபோது திரும்பாமல் கேட்டாள்.

"மேடம், நீங்க வெளிய வந்தீங்கல்ல, காப்பிக்கு. அடிச்சது உங்களுக்குக் கேட்டுதா?"

"இல்லம்மா."

தலையசைத்தாள். கடவுச்சீட்டை எடுத்துக் காட்டிவிட்டு உள்ளே போனாள்.

6

முடிவுகள்.

ஒன்று ஏற்கெனவே இருக்கிறது: அறிக்கை. நிதியம் அதை ஏற்றுக்கொண்டது. அதில் வியாழக்கிழமை ஸ்னெஷானா 'நுகர்வோர் பாதுகாப்பு' அமர்வில் உட்கார்ந்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை சான்றிதழ் வாங்குகிறாள். அப்பா மூன்றாம் மாடியில் அடுப்பெரிக்கிறார். கையெழுத்து ஒரே சீராக இருக்கிறது. வியாழக்கிழமைக் கட்டத்தின் ஓரத்தில் வெண்ணெய்க் கறை.

இன்னொன்று: நான் அவளிடம் சொல்கிறேன். கேட்டது, இரண்டு தடவை, சாவி என்னிடம் இருந்தது. இதை நான்கு விதமாக எழுதினேன். ஒன்றில் அவள் அழுதாள். ஒன்றில் என்னை அடித்தாள். ஒன்றில் மன்னித்தாள், அதை உடனே கிழித்துப் போட்டேன். நான்காவதில் "தெரியும் மேடம்" என்றாள். அதைக் கிழிக்கவும் முடியவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

சொல்லாமலே இருந்துவிடுவது மூன்றாவது. அதற்கு எழுத வேண்டியதே இல்லை. ஒரு வருடமாக அதில்தான் இருக்கிறேன்.

அவளுக்கு இப்போது இறுதியாண்டு. செவ்வாய்க்கிழமை என் வகுப்பு. மூன்றாம் வரிசை, சன்னலோரம். வந்ததும் சன்னலைத் திறப்பாள். கதவும் திறந்திருக்கும். டோரின் கழுத்தைப் போர்த்திக்கொள்வான், ஒன்றும் சொல்லமாட்டான். யாரும் மூடுவதில்லை. நான் காற்றில் நின்றபடியே பாடம் நடத்துகிறேன்.

நாளை செவ்வாய். இந்தப் பக்கங்களை அச்சிட்டு வைத்திருக்கிறேன். அவள் மேசையில் வைக்கலாம், வைக்காமல் திரும்பலாம். இதை அவளுக்கு முன் வாசித்தவர் நீங்கள். நீங்கள் என்ன செய்வீர்கள் என்று தெரிந்தால் எழுதிக்கொள்ளுங்கள். கீழே இடம் விட்டிருக்கிறேன்.

கையெழுத்து மட்டும் இப்போதே போடவில்லை.