ஊதிக் காட்டச் சொன்னவள்

சாவிக்காரருக்குத் தன் வீட்டுக் கதவைத் திறக்கத் தெரியவில்லை. ஊரில் உள்ள பூட்டையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு திறக்கிற மனிதர், பட்டப்பகலில் கடைச் சாவியை வீட்டுக் கதவில் விட்டு முறுக்கிக்கொண்டிருந்தார். மனைவி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள்.

குடித்துக் குடித்து ஈரல் கெட்டு, வயிற்றில் நீர் கோத்து ஆஸ்பத்திரியில் கிடந்தவர் வீடு திரும்பி ஒரு மாதம்கூட ஆகவில்லை. இனி ஒரு சொட்டு தொட்டாலும் அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன், திரும்ப வரமாட்டேன் என்று அந்தக் கட்டில் பக்கத்திலேயே சொல்லியிருந்தாள். அவரும் சத்தியம் செய்தார். குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்பார்கள். இவர் பேச்சு பல விடியல்களைத் தாண்டி நின்றதில் அவளுக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

கதவைத் திறந்து வழிமறித்தாள்.

"ஊதிக் காட்டுங்க."

அவர் சொன்ன பேச்சு கேட்டு ஊதினார். அழுகின இனிப்பு மாதிரி ஒரு வாடை வந்தது. சாராய வாடை இல்லை, ஆனால் நல்ல வாடையும் இல்லை.

"என்ன குடிச்சீங்க?"

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமையா?"

"நான் என்ன கேக்கறேன், நீங்க என்ன சொல்றீங்க?"

"அப்ப கடை லீவுதான்," என்று செருப்போடு போய்ப் படுத்துக்கொண்டார்.

தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மூன்று நாளாக இதே கூத்து. பகலெல்லாம் தூக்கம், இரவெல்லாம் முழிப்பு. சட்டையில் மேல் பித்தான் கீழ்த் துளையில். நேற்று சாப்பாட்டில் உப்பில்லை என்று அழுதார், அழுதுகொண்டே சிரித்தார். தண்ணீர்த் தொட்டி மூடி, கருவிப் பெட்டி, கட்டிலடி என்று எல்லா இடத்திலும் பாட்டிலைத் தேடினாள். கிடைத்திருந்தால் ஒரு சண்டையோடு போயிருக்கும். கிடைக்காததுதான் அவளைப் படுத்தியது. இத்தனை சாமர்த்தியமாக ஒளிக்கிற மனிதரோடா இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தினோம்?

அவள் பங்குக்கு என்ன குறை வைத்தாள்? டாக்டர் சொன்னபடி உப்பைக் குறைத்தாள். மனுஷன் கக்கூசுக்கும் கட்டிலுக்கும் நடையாய் நடந்து துவண்டபோது, பேதிக்குக் காரணம் ஆஸ்பத்திரியில் தினமும் குடிக்கக் கொடுத்த இனிப்பு மருந்துதான் என்று கண்டுபிடித்து, பாட்டிலையே தூக்கிப் போட்டாள். பெற்றவள்கூட இப்படிப் பார்த்திருக்க மாட்டாள்.

போனில் அக்கா முடிவாகச் சொன்னாள். "நாய் வாலை நிமித்த முடியுமாடி? கிளம்பி வா."

பையை எடுத்துத் துணி அடுக்கினாள். அவர் எழுந்து சுவரைப் பிடித்தபடி வந்து நின்றார்.

"யாரு ஊருக்குப் போறா?"

பதில் வருமுன் அப்படியே சரிந்து உட்கார்ந்தார். கூப்பிட்டால் கண் திறக்கிறது, ஆள் அங்கே இல்லை. பையை விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தாள்.

வார்டில் போன தடவை இருந்த அதே நர்ஸ்.

"மறுபடி குடிச்சிட்டாரு சிஸ்டர்."

நர்ஸ் குனிந்து முகர்ந்தாள். "இது குடி வாடை இல்லம்மா. ஐயா, கையை நீட்டுங்க. வண்டியை நிறுத்தச் சொல்ற மாதிரி." நீட்டிய இரண்டு கையும் மணிக்கட்டில் படபடவென்று விழுந்து விழுந்து எழுந்தன.

"வெளிக்கி எப்பப் போனாரு?"

தலை கெட்டுப் போனவரைக் கொண்டுவந்தால் இவள் வயிற்றைக் கேட்கிறாளே என்று குழம்பினாள். "நாலு நாளா இல்ல. அந்த இனிப்பு மருந்தை நிறுத்தினேன், உடனே நின்னுடுச்சு."

நர்ஸ் சட்டென்று நிமிர்ந்தாள். டாக்டரைக் கூப்பிட ஆள் அனுப்பிவிட்டு வந்து சொன்னாள்.

"அந்த மருந்தே வெளிக்கிப் போறதுக்குத்தாம்மா. ரத்தத்துல இருக்கற கழிவை ஈரல் சுத்தம் பண்ணணும். இவரோட ஈரலுக்கு அது முடியல. வயித்து வழியா வெளியேத்தலேன்னா அந்தக் கழிவு மூளைக்குப் போகும். குடிச்சவர் மாதிரியே நடந்துக்குவாரு. தினம் ரெண்டு மூணு தடவை போகணும். அதுக்கு மேல போனா எங்களைக் கேட்டுக் குறைக்கணும். நீங்களா நிறுத்தக் கூடாது." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "போன தடவை இவர்கிட்டதான் சொன்னேன். தலையாட்டினாரு. உங்களைக் கூப்பிட்டுச் சொல்லாதது என் தப்பு. இப்ப நீங்க எனக்குத் திருப்பிச் சொல்லுங்க."

அவள் திருப்பிச் சொன்னாள். 'நிறுத்தக் கூடாது' என்ற இடத்தை மட்டும் இரண்டு தடவை சொன்னாள்.

எனிமா கொடுத்து, மருந்து இறங்கி, மறுநாள் மத்தியானம் அவருக்குத் தெளிந்தது. அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மன்னிச்சுடு. குடிச்சது எனக்கு ஞாபகமே இல்ல. எங்க, யார்கூடன்னு யோசிச்சுப் பார்க்கறேன், ஒண்ணும் வரல. ஆனா நீ ஊதச் சொன்னது ஞாபகம் இருக்கு. நீ காரணமில்லாம கேக்க மாட்டே. அப்ப குடிச்சிருப்பேன். நீ அக்கா வீட்டுக்குப் போ. நான் தடுக்கல."

சும்மா இருந்துவிட்டால் என்ன என்று ஒரு நிமிஷம் தோன்றியது. இந்தப் பயத்திலேயே இனி தொட மாட்டார், தன் தப்பும் வெளியே வராது. அப்படி நினைத்ததற்கே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"நீங்க குடிக்கலீங்க. நான்தான் மருந்தை நிறுத்திட்டேன். நான்தான் உங்களை இந்தக் கதிக்கு ஆளாக்கினேன்."

அவர் திரும்பினார். அவள் செய்தது அவர் காதில் ஏறவே இல்லை.

"நான் குடிக்கலையா?"

"இல்லீங்க."

"நிஜமாவா? நான் குடிக்கலையா?"

கேட்டுக் கேட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பக்கத்துக் கட்டில்காரர் பார்க்கப் பார்க்கச் சாவிக்காரர் அழுதார். ஒவ்வொரு தடவையும் அவள், குடிக்கலீங்க, குடிக்கலீங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.