மிஸ் பெல்ஹம் எடுப்பித்த படம்

மிஸ் பெல்ஹம் கப்பலில் வந்து இறங்கியபோது அவருடைய பெட்டிகளில் ஒன்று முழுக்கக் கம்பளித் தொப்பிகள். கொட்டாஞ்சேனை எமிலி இல்லத்து அநாதைப் பெண்பிள்ளைகளுக்கென்று அவருடைய ஊர்த் தேவாலயத்துப் பெண்கள் ஒரு பனிக்காலம் முழுவதும் உட்கார்ந்து பின்னியவை. ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தேழாம் ஆண்டு மார்ச் மாதம் அது. காகங்கள்கூட வாயைத் திறந்துகொண்டு நிழல் தேடும் வெயில். அந்த வெயிலில் இருபத்தாறு பிள்ளைகளும் தொப்பி போட்டுக்கொண்டு முற்றத்தில் வரிசையாக நின்றார்கள். மிஸ் பெல்ஹம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிள்ளைகள் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்கள்.

"மிஸ்ஸுக்கு எல்லாரும் தாங்க்யூ சொல்லுங்கோ," என்றாள் பாக்கியலெட்சுமி.

அவள் சுண்டிக்குளியிலிருந்து வந்து அந்த இல்லத்தில் பதினொரு வருஷமாக இருப்பவள். சம்பளம் ஆசிரியைக்கு, வேலை சகலதும். விடியற்காலையில் பிள்ளைகளைக் கிணற்றடிக்குக் கொண்டுபோவது, கஞ்சி ஊற்றுவது, பேன் பார்ப்பது, காய்ச்சல்காரிக்குப் பக்கத்தில் விழித்திருப்பது, பிறகு ஒன்பது மணிக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பது. இவற்றோடு இப்போது மொழிபெயர்ப்பும் சேர்ந்தது. மிஸ் பெல்ஹத்துக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஆறு மாதம் இருந்து அன்பு செலுத்திவிட்டுப் போவதற்கு மொழி எதற்கு என்று நினைத்திருப்பார்.

அன்பு காலை எட்டரைக்குத் தொடங்கும். அதற்குள் பிள்ளைகள் குளித்து, தின்று, கூட்டி, துடைத்து முடித்திருப்பார்கள். மிஸ் பெல்ஹம் தேநீர் குடித்துவிட்டு வந்து ஒவ்வொருத்தியாகக் கட்டிப்பிடிப்பார், டொபி கொடுப்பார், வட்டமாக நின்று கைதட்டும் ஒரு விளையாட்டுக் காட்டுவார். பதினொன்றுக்கு வெயில் ஏறியதும் அறைக்குப் போய் ஊருக்குக் கடிதம் எழுதுவார். பத்தாம் நாள் அவருடைய பொன்னிறத் தலையில் பேன் ஏறிவிட்டது. பாக்கியலெட்சுமி அவரை விறாந்தையில் இருத்தி, மடியில் வெள்ளைத் துணி விரித்து, இரண்டு மணி நேரம் வாரி எடுத்தாள். மிஸ் அழுதுகொண்டே இருந்தார். அன்றைய கடிதத்தில், பிள்ளைகளுக்காகத் தான் படும் துன்பங்கள் சொல்லில் அடங்காதவை என்று எழுதியதாகப் பிறகு தானே சொன்னார்.

பெயர்கள் அவருடைய வாயில் நுழையவில்லை. ஆகவே அர்த்தம் கேட்டோ, முதல் எழுத்தைப் பிடித்துக்கொண்டோ மாற்றினார். ஏழு வயது இரத்தினம்மா ரூபி ஆனாள். ஜெகதீஸ்வரி ஜேன். பாக்கியலெட்சுமி என்றால் என்ன என்று கேட்டு, அதிர்ஷ்டம் என்று அறிந்ததும் கைதட்டி, "லக்கி!" என்றார். அடுத்த வீட்டு நாய்க்கும் அதுதான் பெயர். மிஸ் கூப்பிடும்போது சில வேளைகளில் இரண்டு பேரும் திரும்பிப் பார்ப்பதுண்டு.

இருபத்தாறில் ரூபிதான் மிஸ்ஸின் செல்லம். பெரிய கண், எடுப்பான முகம். ஊருக்குப் போகும் கடிதங்களில் ரூபிக்கு உலகில் ஒருவரும் இல்லை. தெருவோரத்தில் கண்டெடுத்த குழந்தை.

ஏப்ரல் மாதத்து முதல் ஞாயிறு நாகேந்திரம் வந்தார். துறைமுகத்தில் சரக்குப் படகில் வேலை செய்பவர். வேட்டியும் சுத்தமான சட்டையும் போட்டு, கடதாசிப் பையில் பணிஸ் ரொட்டி கொண்டுவந்திருந்தார். இரத்தினம்மா ஓடிப்போய் அவர் கழுத்தில் தொங்கினாள்.

யார் இந்த மனிதர் என்று மிஸ் கேட்டார். தகப்பன் என்றாள் பாக்கியலெட்சுமி. மிஸ்ஸின் முகம் வாடிவிட்டது. இது அநாதை இல்லம் அல்லவா என்று கேட்டார், ஏதோ கடையில் ஏமாற்றப்பட்டவர்போல. தாய் காய்ச்சலில் இறந்தவள், தகப்பன் படகிலேயே படுத்து எழும்புகிறவர், பார்க்க ஆளில்லாமல் கொண்டுவந்து விட்டார், இங்கே பாதிப் பிள்ளைகளின் கதை இப்படித்தான் என்று விளக்கினாள். மிஸ் யோசித்துவிட்டு, அவர் குடிகாரராகத்தான் இருப்பார், பாவம், என்றார்.

நாகேந்திரம் மருந்துக்குக்கூடக் குடித்தறியாதவர். "மிஸ் என்ன சொல்றா, ரீச்சர்?" என்று அவர் கேட்டபோது, "உங்கட மகள் நல்ல பிள்ளையாம்," என்றாள் பாக்கியலெட்சுமி. பதினொரு வருஷத்துப் பழக்கம். வெள்ளைக்காரர் சொல்வதைத் தமிழாக்கும்போது சீனி போடுவாள். அதன் பிறகு நாகேந்திரம் வரும் ஞாயிறுகளில் மிஸ்ஸுக்குத் தலைவலி வந்துவிடும். அறையை விட்டு வெளியே வரமாட்டார்.

ஜூலையில் படம் எடுக்கும் நாள் வந்தது. மிஸ்ஸின் தேவாலயப் பத்திரிகைக்கு ஒரு படம் வேண்டுமாம். பாக்கியலெட்சுமி நாலு மணிக்கே எழும்பி, இருபத்தாறு தலைக்கும் எண்ணெய் வைத்து, இரட்டைப் பின்னல் போட்டு, நாடா கட்டி, தோய்த்த சட்டை போட்டுவிட்டாள். கொள்ளுப்பிட்டியில் ஸ்டூடியோ வைத்திருந்த ஹமீட் கமெராவை முற்றத்தில் நிறுத்தித் தயாரானார்.

மிஸ் வந்து பார்த்தார். உதட்டைக் கடித்தார். பிள்ளைகள் மிக அழகாக இருக்கிறார்கள், ஆனால் இது பயன்படாது என்றார். பார்க்கிறவர்களின் நெஞ்சு உருக வேண்டும். நாடாவை எடுத்துவிடலாமா, லக்கி? தலையைக் கொஞ்சம் கலைத்துவிடலாமா? பழைய சட்டைகள் இருக்குமே?

பாக்கியலெட்சுமி தான் கட்டிய நாடாக்களைப் பார்த்தாள். பிறகு பிள்ளைகளிடம் திரும்பி, "சட்டை மாத்திப்போட்டு வாங்கோ," என்றாள். ஒவ்வொரு தலையாகத் தன் கையாலேயே அவிழ்த்தாள். இரத்தினம்மா தன் நாடாவைக் கையால் பொத்திக்கொண்டு, "நான் என்ன பிழை செய்தனான், ரீச்சர்?" என்று கேட்டாள். அவளுக்குத் தண்டனை என்று நினைப்பு. சில சின்னதுகள் அழத் தொடங்கின. அருமை, அப்படியே இருக்கட்டும் என்றார் மிஸ்.

ஹமீட் கறுப்புத் துணிக்குள் தலையை விடுமுன் மெதுவாகச் சொன்னார்: "டீச்சர், நான் இருவது வருஷமா படம் புடிக்கிறன். தலய சீவிட்டு வாங்கண்டுதான் எல்லாருக்கும் சொல்லிப் பழக்கம். கலச்சிட்டு வாங்கண்டு சொன்ன ஆள இண்டக்கித்தான் கண்டன்."

அவள் அவிழ்த்த நாடாக்களைச் சுருட்டி மடியில் செருகிக்கொண்டாள். மிஸ்ஸை இகழ்ந்ததைவிட அன்று தன்னையே அதிகம் இகழ்ந்துகொண்டாள். கேட்டவள் வெளியூர்க்காரி, அவிழ்த்த கை தன்னுடையது.

செப்டெம்பரில் மிஸ் பெல்ஹம் கண்ணீரோடு கப்பலேறினார். நவம்பரில் பத்திரிகை வந்தது. முழுப் பக்கத்தில் இரத்தினம்மா, விரித்த தலை, கிழிந்த சட்டை, கன்னத்தில் கண்ணீர். கீழே: "ரூபி. தாயும் தகப்பனும் இறந்து, தெருவில் கிடந்தவள். மிஸ் பெல்ஹம் வரும்வரை இவளுக்கு அன்பு என்றால் என்னவென்று தெரியாது."

பாக்கியலெட்சுமி அதை எடுத்துக்கொண்டு வெள்ளவத்தைக்குப் போனாள். இல்லத்துக் கமிட்டியின் தலைவி திருமதி சிவபாதசுந்தரம் கடற்கரைப் பக்கம் பெரிய வீட்டில் இருந்தார். வரவேற்பறையில் அதே பத்திரிகை, அதே பக்கம் விரித்தபடி, வருகிறவர்கள் பார்க்கும் இடத்தில் கிடந்தது.

"படம் எவ்வளவு வடிவாய் வந்திருக்கு பார்த்தீரா, பாக்கியம்?"

"இது பொய் எண்டு நீங்கள் ஒருக்கா எழுதவேணும், மிஸிஸ் சிவபாதசுந்தரம். தகப்பன் இருக்கிறார். மாதாமாதம் வாறார்."

"டோன்ட் பி ஸில்லி. படகுக்காரன் இங்கிலீஷ் பத்திரிகை பார்க்கப்போறானே? இந்தப் படத்தைப் பார்த்திட்டு இன்னும் ரெண்டு மிஸ்மார் வர எழுதியிருக்கினம். சந்தோஷப்படும்."

"அப்ப அவையள் தமிழ் படிச்சுக்கொண்டு வரட்டும். நான் இனி ஒருத்தருக்கும் கதை மாத்திச் சொல்லமாட்டன்."

திருமதி சிவபாதசுந்தரம் அவளை முதல்முறை காண்பவர்போலப் பார்த்தார். பாக்கியலெட்சுமி தேநீருக்கு நிற்கவில்லை. கோட்டை ஸ்டேஷன் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து கிராண்ட்பாஸ் டிராமில் நின்றபடியே போனாள். வேலை போனால் சுண்டிக்குளிக்குத் திரும்ப வேண்டும், தமையனின் வீட்டில் சோற்றுக்கு நிற்க வேண்டும். அதையும் யோசித்துப் பார்த்தாள். வேலை போகவில்லை. விடியற்காலை எழும்ப இன்னொருத்தியை எங்கே தேடுவார்கள்?

அடுத்த ஞாயிறு நாகேந்திரத்திடம் பக்கத்தைக் காட்டினாள். அவர் கைகளை வேட்டியில் துடைத்துவிட்டு வாங்கினார். பார்த்தவருடைய முகம் மாறியது.

"ஏன் ரீச்சர், பிள்ளையின்ட தலை விரிஞ்சு கிடக்கு? ஆர் செத்தது?"

இந்த முறை அவள் சீனி போடவில்லை. "நீங்கள்தான். அப்பிடித்தான் எழுதியிருக்கினம்." முழுவதையும் சொல்லுக்குச் சொல் தமிழில் சொன்னாள். பிறகு, "தலையை அவிழ்த்தது நான்," என்றாள்.

நாகேந்திரம் படத்தை இன்னொரு முறை பார்த்தார். "என்ர மனுசி செத்த அண்டைக்குக்கூட இவளின்ட தலையை விரிக்க நான் விடேல்லை, ரீச்சர்," என்றார். பக்கத்தை மடிக்காமல் திருப்பிக் கொடுத்தார். "இது எனக்கு வேண்டாம்."

கோபித்திருந்தால் அவளுக்கு லேசாக இருந்திருக்கும்.

கிறிஸ்துமஸுக்கு முந்திய ஞாயிறு மூன்று பேரும் கொள்ளுப்பிட்டிக்குப் போனார்கள். இரத்தினம்மாவுக்கு இரட்டைப் பின்னல், சிவப்பு நாடா. நாகேந்திரம் யாரிடமோ கோட் ஒன்று இரவல் வாங்கிப் போட்டிருந்தார். ஹமீட் சல்லி வாங்க மறுத்துவிட்டார். "அண்டைக்கிப் புடிச்ச படத்துக்கு எனக்கும் பங்கு இரிக்கி," என்றார். தகப்பன் கதிரையில் இருக்க, மகள் அவர் தோளில் கைபோட்டு நின்றாள். ஒரு பிரதியை நாகேந்திரம் எடுத்துக்கொண்டார். மற்றதைப் பாக்கியலெட்சுமி பத்திரிகை ஆசிரியருக்கு அனுப்பினாள். கூடவே நாலு வரி: படத்தில் இருப்பவர் நாகேந்திரம். இரத்தினம்மாவைப் பெற்ற தகப்பன். உயிரோடு இருக்கிறார். குடிப்பதில்லை. கீழே தன் பெயரை முழுதாக எழுதினாள்.

மார்ச் இதழ் வந்தது. அந்தப் படத்தை நல்ல கடதாசியில் பெரிதாகப் போட்டிருந்தார்கள். பாக்கியலெட்சுமி கீழே இருந்ததை வாசித்தாள். நம்பாமல் இன்னொரு தரம் வாசித்தாள். பிறகு விறாந்தையில் தனியே இருந்து சிரித்தாள். சிரிப்பு வயிற்றைப் பிடித்துக்கொண்டது.

ஞாயிறு நாகேந்திரம் வந்ததும், ஒரு சொல் விடாமல் தமிழாக்கினாள்: "'ரூபிக்கு ஒரு தகப்பன் கிடைத்தார்! எங்கள் வாசகர்களை உருகவைத்த அந்த அநாதையை, மிஸ் பெல்ஹத்தின் அன்பைக் கண்டு மனம் திருந்திய படகுத் தொழிலாளி ஒருவர் தம் மகளாக ஏற்றுக்கொண்டார். அவர் இப்போது குடிப்பதில்லை.'"

"இன்னொருக்கா சொல்லுங்கோ, ரீச்சர்."

சொன்னாள். நாகேந்திரம் மகளைப் பார்த்தார். அவள் முற்றத்தில் ஜெகதீஸ்வரியோடு கிளித்தட்டு விளையாடிக்கொண்டிருந்தாள்.

"முந்தி என்னைச் சாகடிச்சுப்போட்டினம்," என்றார் அவர். "இப்ப எழுப்பி, நான் பெத்த பிள்ளையை எனக்கே தத்துத் தந்திருக்கினம். அவையளுக்குப் பெரிய மனசுதான்."