ஆய்வு நாளில் மட்டும் எலக்ட்ரீஷியன்

எங்கள் பகுதியில் ஆஸ்பத்திரி கட்ட அமெரிக்காவின் மில்வாக்கி நகராட்சி பணம் கொடுத்தபோது ஒரு நிபந்தனையும் போட்டது. வேலையில் ஒரு பங்கு இந்தப் பக்கத்துக் கறுப்பர்களான எங்களுக்கு வர வேண்டும், எங்களுக்குத் தொழிலும் கற்றுத்தர வேண்டும். என் புருஷன் லவெல் எலக்ட்ரீஷியன் பயிற்சியில் சேர்ந்தான். தேறிவிட்டால் நிரந்தர வேலை, நல்ல கூலி, மகள் நைலாவின் ஆஸ்துமாவுக்கு இன்ஷூரன்ஸ். சர்ச்சில் ஒருவர் விடாமல் எல்லாரிடமும் பீற்றிக்கொண்டேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

அவனோ தினமும் தலை முழுக்க சிமெண்டுத் தூசியோடு வந்தான்.

"என்ன வேலை குடுத்தாங்க?"

"பெருக்குறேன்."

"அதுக்கா பயிற்சி? வீட்ல ஒரு நாள் துடைப்பத்தத் தொட்டிருப்பியா நீ?"

சிரித்தான். "நகராட்சிலேர்ந்து ஆய்வுக்கு ஒரு அம்மா வர்ற அன்னைக்கு மட்டும் பெல்ட்டு, பிளையர் எல்லாம் குடுத்து ஏணில ஏத்திடுவாங்க, வெர்னி. அவங்க போனதும் புடுங்கிக்குவாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அந்தம்மாகிட்ட சொல்லித் தொலையேன். அவங்களும் நம்மள மாதிரி கறுப்புதானே?"

அடுத்த முறை அந்த அம்மாள் ஏணியடியில் நின்று, "ஒழுங்கா கத்துத் தர்றாங்களாப்பா?" என்று கேட்டிருக்கிறாள். அன்று காலைதான் ஃபோர்மேன் இவனிடம், "இன்னைக்கு வாயத் தொறக்காத லவெல், திங்கக்கிழமை உன்னை வயரிங்ல போடறேன்" என்றிருந்தான். இந்த மனுஷன் அதை நம்பினான்.

"நல்லாவே கத்துத் தர்றாங்க மேடம்," என்றான்.

திங்கட்கிழமையும் துடைப்பம்தான். கட்டடம் முடிந்ததும் அனுப்பிவிட்டார்கள். வேறு எங்கும் சேர்க்கவில்லை. வேலை தெரியாதவனை யார் சேர்ப்பார்கள்? நான் அந்த அம்மாளின் அலுவலகத்துக்கே போய்க் கத்தினேன்.

"உங்க வீட்டுக்காரரே நல்லா கத்துத் தர்றாங்கன்னாரேம்மா. நான் என்ன பண்ணட்டும்?" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. திட்டப் போனவள் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அந்த வாரம் சமையலறை விளக்கு எரியவில்லை. பல்பு மாற்றியும் பயனில்லை. ஆளைக் கூப்பிடலாம் என்றேன்.

"ஆள எதுக்கும்மா கூப்பிடணும்?" என்றாள் நைலா. "அப்பாதான் எலக்ட்ரீஷியனாச்சே."

லவெல் மெயினை அணைத்துவிட்டு நாற்காலியில் ஏறி மூடியைக் கழற்றினான். உள்ளே வயர்கள் தொங்கின. அவற்றைப் பார்த்தபடியே நின்றான். கை மேலே போகவில்லை.

"வெர்னி," என்றான், திரும்பாமலே. "மொதல்ல புள்ளைய வெளிய அனுப்பு. அப்புறம் வீட்டு ஓனருக்குப் போன் போட்டு ஆள வரச் சொல்லு."