லைப்சிக்கில் செத்துப்போனவரின் சிம்பொனி

கட்டு பிரிக்கப்படாமலே திரும்பி வந்திருந்தது. லூதர் ஹாலக் தன் கையால் போட்ட முடிச்சு அப்படியே இறுக்கமாக இருந்தது. ஒன்றரை வருஷம் உட்கார்ந்து எழுதிய சிம்பொனி. அதை அவனுடைய சொந்தக் குழு, ஒன்பது வருஷமாக அவன் இரண்டாம் வயலின் வாசிக்கிற நியூயார்க் வாத்தியக் குழு, ஒரு பக்கம்கூடப் புரட்டிப் பார்க்கவில்லை. மேலே செருகியிருந்த சீட்டில் செயலாளர் எழுதியிருந்தார்: கறுப்பு நாற்பத்தெட்டு, வெள்ளை மூன்று.

அந்தக் குழுவில் எதுவானாலும் ஓட்டுதான். தகரப் பெட்டியில் ஆளுக்கொரு கோலி போட வேண்டும். வெள்ளை என்றால் வாசிக்கலாம், கறுப்பு என்றால் வேண்டாம். உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் ஜெர்மனியிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். சங்கீதம் என்றால் அது கடலுக்கு அந்தப் பக்கம்தான் விளையும் என்பது அவர்கள் எண்ணம். லூதர் இங்கேயே பிறந்தவன்.

மூன்று வெள்ளையில் ஒன்று லூதர் போட்டது. இன்னொன்று அவன் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிற காஸ்பர் கிழவர் போட்டது. மூன்றாவது யாருடையது என்று தெரியவில்லை.

"கை தவறி விழுந்திருக்கும் தம்பி," என்றார் காஸ்பர். "ரொம்ப யோசிக்காத."

வீட்டில் மனைவி ஃபீபி கட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பிரிக்கவே இல்லையே இவனுங்க!"

"பேரைப் பாத்தாங்க. போதும்னு வச்சுட்டாங்க."

"நாலு வருஷம் முன்னாடி உங்க ஓபரா நாடகம் போட்டப்பவும் இதே கதைதான. பால் கறக்குற கையெல்லாம் பாட்டு எழுத வந்துடுச்சுன்னு பேப்பர்ல எழுதினான் ஒருத்தன். உங்க பேருதான் இடிக்குதுன்னா பேரை எடுத்துடுங்க. எங்கண்ணன் ஜெர்மனிக்குப் போய்வர்ற ப்ரேமன் கப்பல்லதான இருக்கான்? அவன் கொண்டு வந்தான்னு சொல்லிக்கலாம்."

கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் அன்றைக்குச் சாயங்காலமே முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதினான் லூதர். ஆல்பிரெக்ட் வின்டர்ஃபெல்ட், லைப்சிக், ஜெர்மனி. அப்படி ஒரு ஆள் கிடையாது. கடிதம் போட்டு விசாரித்துவிடக் கூடாதே என்று அவரைச் சாகடித்தும் விட்டான். அவன் கையெழுத்து எல்லாருக்கும் தெரியும் என்பதால் அத்தனை வாத்தியத்துக்கும் ஃபீபியே உட்கார்ந்து படி எடுத்தாள். எந்த வரியில் பக்கம் முடிய வேண்டும் என்று மட்டும் லூதர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருந்தான்.

மைத்துனன் கப்பலில் கொண்டுவந்தது என்று சொல்லிக் கட்டைக் குழுவிடம் கொடுத்தான். ஓட்டுக்கு முன்னால் வாசித்துப் பார்த்த ஒத்திகையில் முதல் பகுதி முடிந்ததும் இசை நடத்துநர் ஸ்ட்ரோபல் கோலைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஹாலக், காதைத் தீட்டிக்கிட்டுக் கேட்டீங்களா? சிம்பொனின்னா இது. இதுக்கு ரெண்டாயிரம் வருஷத்துக் காடு வேணும், ஆறு வேணும். உங்க ஊர் ஆளுங்க இதைக் கேட்டுக் கத்துக்கணும்."

"சரிங்கய்யா," என்றான் லூதர். அந்தப் பகுதியை அவன் மனசில் போட்டது ஹட்சன் படகுத்துறையில், மீன் கூடைகளுக்கு நடுவில் நின்றபோது.

ஓட்டெடுப்பில் வெள்ளை ஐம்பது, கறுப்பு ஒன்று.

அந்தக் கறுப்பைப் போட்டது லூதர். தோற்றுவிட்டால் இந்தப் பொய் அதோடு விட்டுப்போகும் என்று நினைத்தான். விட்டுப்போகவில்லை. நவம்பர் மாசம் சனிக்கிழமை மத்தியானக் கச்சேரி என்று பிராட்வே முழுக்கச் சுவரொட்டி ஒட்டிவிட்டார்கள். தான் பெற்ற பிள்ளைக்கு அடுத்தவன் பெயரை இவ்வளவு பெரிய எழுத்தில் பார்த்தபடி தினமும் வேலைக்கு நடந்தான். உண்மையைச் சொன்னால் சிம்பொனி போய்விடும். சொல்லாவிட்டால் அது கடைசிவரை வின்டர்ஃபெல்ட்டுடையது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான் முட்டியது.

கடைசி ஒத்திகைக்கு அப்புறம் காஸ்பர் அவன் கோட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"மேசைக்கு ரெண்டு பேரு, ஒரே காகிதம். முப்பது வருஷமா உள்பக்க நாற்காலிதான் எனக்கு. பக்கம் திருப்புறது என் வேலை. எல்லாப் பயலும் வேகமா ஓடுற இடத்துலதான் பக்கத்த முடிச்சு வைப்பான். நான் வில்லைத் தூக்கிப் போட்டுட்டுத் திருப்பணும். இந்த வின்டர்ஃபெல்ட் இருக்கானே, ஒவ்வொரு பக்கமும் எனக்கு ஓய்வு வர்ற எடத்துல முடியுது. நிதானமா மூக்குச் சிந்திட்டுத் திருப்பலாம்."

லூதர் வயலின் பெட்டியின் கொக்கியைப் போட்டான்.

"லைப்சிக்ல செத்தவனுக்கு என் மூக்கு மேல எதுக்குய்யா இவ்வளவு அக்கறை?"

"காஸ்பர் ஐயா..."

"நான் வாயைத் திறக்க மாட்டேன். ஆனா நல்லாத்தான் மாட்டிக்கிட்ட நீ. பொறி வச்சவனும் நீ, மாட்டுன எலியும் நீ."

கச்சேரி அன்றைக்கு மண்டபம் நிறைந்திருந்தது. நாலாவது வரிசையில் ஃபீபி, கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக. முதல் இரண்டு பகுதியும் நன்றாகவே போயின. ஜனங்கள் தட்டின தட்டில் விளக்குக் கண்ணாடிகள் அதிர்ந்தன. லூதர் தலையைக் குனிந்துகொண்டான்.

மூன்றாவது பகுதியில் ஓர் இடம் உண்டு. எல்லாரும் அடங்கி, அடிக்குரல் தந்தி வாத்தியங்கள் மட்டும் முனகிக்கொண்டிருக்கும். அப்போது ஓபோ என்கிற குழல் தனியாக ஒரு பாட்டை எடுக்க வேண்டும். அந்தப் பாட்டுக்காகத்தான் சிம்பொனி முழுக்க எழுதியதே என்று லூதர் ஃபீபியிடம் சொல்லியிருக்கிறான். படகுத்துறையில் முதன்முதலில் வந்தது அதுதான்.

ஓபோக்காரர் வெண்டுக்கு அதற்கு முன்னால் முப்பத்தேழு தாள அளவு சும்மா எண்ணிக்கொண்டிருக்கிற வேலை. எங்கேயோ எண்ணிக்கை தவறிவிட்டது. ஸ்ட்ரோபல் கையை நீட்டினார். வெண்ட் ஓபோவை மடியில் வைத்துக்கொண்டு விரலை மடக்கிக்கொண்டிருந்தார்.

பாட்டு வரவில்லை. முனகல் மட்டும் நீண்டது.

ஒரு அளவு போயிற்று. சும்மா இருந்தால் போதும். அந்த இடம் பாழாய்ப் போகும், அவ்வளவுதான். வாசித்தால் எல்லாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். லூதருக்கு இதெல்லாம் புரிந்துதான் இருந்தது. ஆனால் வில் தந்தி மேல் ஏறிவிட்டது. இரண்டாம் வயலின் காகிதத்தில் இல்லாத பாட்டு, நாலாவது மேசையிலிருந்து, தனியாக எழுந்தது.

ஐம்பது தலையும் திரும்பியது. ஸ்ட்ரோபலின் கோல் நிற்கவில்லை. ஆனால் கண் அவனைவிட்டு நகரவே இல்லை. காஸ்பர் பக்கத்தைத் திருப்ப மறந்து உட்கார்ந்திருந்தார். பாட்டைக் கடைசிவரை வாசித்து முடித்துத்தான் லூதர் வில்லை இறக்கினான். மண்டபத்துக்கு ஒன்றும் தெரியவில்லை. இதுவும் சிம்பொனியில் உள்ளது என்று நினைத்துக் கைக்குட்டையால் கண்ணை ஒத்திக்கொண்டார்கள்.

முடிந்ததும் ஸ்ட்ரோபல் அவனைப் பின்னறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"முழுசும் நீங்க எழுதினதா?"

"ஆமாங்கய்யா."

ஸ்ட்ரோபல் கோலை மேசைமேல் வைத்தார். "நல்ல வேலை," என்றார். "மார்ச்ல மறுபடி வாசிக்கிறோம். ஆனா பேர் அதேதான். இப்ப மாத்துனா நாங்க ஐம்பது பேரும் கழுதைன்னு ஊரே சிரிக்கும். அப்புறம் இந்தக் காகிதத்தை எவன் தொடுவான்? நீங்க பேசாம இருந்தா வின்டர்ஃபெல்ட்டோட இன்னொரு சிம்பொனிகூடக் கிடைக்கலாம். புரியுதா?"

புரிந்தது. சாகிறவரை எழுதலாம், செத்தவனுக்காக.

கதவுக்கு வெளியே பத்திரிகைக்காரன் ஒருவன் நோட்டும் பென்சிலுமாக நின்றான். "இவர்கிட்ட கேளுங்க. நல்லாப் பேசுவாரு," என்று லூதரின் முதுகில் லேசாகத் தட்டித் தள்ளினார் ஸ்ட்ரோபல்.

"காலமான வின்டர்ஃபெல்ட்டைப் பத்தி நாலு வரி சொல்லுங்க சார். ஆள் எப்படி?"

லூதர் ஸ்ட்ரோபலைப் பார்த்தான். தூரத்தில் நின்ற ஃபீபியைப் பார்த்தான். அவள் கையுறை இரண்டையும் கழற்றியிருந்தாள்.

"குட்டையான ஆளு," என்றான். "ரெண்டாம் வயலின் வாசிப்பாரு. நாலாவது மேசை."

பென்சில் ஓடியது.

"பொண்டாட்டி பேரு ஃபீபி."

பென்சில் நின்றது.

"காலமாகலை. உங்க எதிர்லதான் நிக்குறாரு. ஹாலக்னு எழுதிக்குங்க."

ஸ்ட்ரோபல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மார்ச் கச்சேரி போயிற்று. ஒன்பது வருஷ நாற்காலியும் போயிற்று. லூதருக்குத் தெரியும்.

மேடையில் காஸ்பர் எல்லா மேசையிலிருந்தும் காகிதங்களைப் பொறுக்கி அடுக்கி வைத்திருந்தார். லூதர் குனிந்து கயிறு சுற்ற ஆரம்பித்தான்.

"யோவ், ரொம்ப இறுக்காத," என்றார் கிழவர். "நாளைக்கு யாராவது பிரிக்கணும்ல."