கவுனைக் கேட்டால் லாரி

வெண்ணிலாவின் வீட்டு ஹாலில், டிவி ஷோகேசுக்குக் கீழே, ஒரு பழைய கம்ப்யூட்டர் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தது. மானிட்டர் கிடையாது, கீபோர்டு கிடையாது. வருகிறவர்கள் ஸ்டெபிலைசர் என்று நினைத்து அதன்மேல் காப்பி டம்ளரை வைப்பார்கள். அப்போது வெண்ணிலாவுக்கு வருகிற கோபத்தைப் பார்க்க வேண்டும். அது அவளுடைய சர்வர், அவள் செய்யும் வெப்சைட்டுகள் குடியிருக்கும் இடம். கேளம்பாக்கத்துக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே வெப்சைட் செய்து கொடுக்கத் தொடங்கியபோது, எங்கோ அமெரிக்காவில் இடம் வாடகைக்கு எடுப்பானேன், செம்பாக்கத்து பிராட்பேண்டே போதும் என்று அவளே அமைத்தது.

இதுவரை அதில் ஒரே ஒரு வெப்சைட்தான். கணவரின் அண்ணன் கோதண்டத்தினுடையது. அவருக்குச் செப்டிக் டேங்க் லாரி. பாதாளச் சாக்கடை வராத புறநகரில் அந்த லாரிக்கு இருக்கிற மவுசு புது மாப்பிள்ளைக்குக்கூடக் கிடையாது. போன வெள்ளிக்கிழமை இரண்டாவது வெப்சைட்டை ஏற்றினாள். பின்தெரு ஷரீஃபாவின் கல்யாண உடைகள். சர்ச் கல்யாணத்துக்கு வெள்ளை கவுன், நிக்காவுக்கு ஜரிகை வைத்த உடுப்பு. வெள்ளிக்கிழமை இருவருக்குமே நல்ல நாள் என்பதால் அதில் தகராறு வரவில்லை.

தகராறு செவ்வாய்க்கிழமை வந்தது.

"அக்கா, என் சைட்டைத் திறந்தா கோதண்டம் அண்ணன் லாரி வருதுக்கா!" என்று மூச்சிரைக்க வந்து நின்றாள் ஷரீஃபா. கண்ணில் நீர் முட்டிக்கொண்டிருந்தது.

அழுகைக்குக் காரணம் இருந்தது. தாம்பரத்தில் கல்யாண உடைக்கடை வைத்திருக்கும் ஜெயசீலி அம்மா, அன்றைக்குத்தான் அவள் சைட்டைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக இருந்தார். பிடித்துவிட்டால் சீசன் முழுக்க அந்தக் கடையின் கவுன்கள் ஷரீஃபா கையில். தையல் கடை வேலையை உதறிவிட்டுத் தனியாக மெஷின் போட்டவளுக்கு இதை விட்டால் வேறு நாதியில்லை.

வெண்ணிலா தான் வேலை செய்யும் இன்னொரு கம்ப்யூட்டரில் ஷரீஃபாவின் வெப்சைட்டைத் திறந்தாள். வெள்ளை வெளேரென்று கவுன்கள் அழகாக வந்தன.

"பாரு, நல்லாத்தானே இருக்கு? நீ எங்க பார்த்தே?"

"கேம்ப் ரோடு பிரவுசிங் சென்டர்லக்கா."

"அங்க எல்லாம் ஓட்டைக் கம்ப்யூட்டர். வைரஸா இருக்கும்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆனாலும் ஷரீஃபா அசையாமல் நின்றதால் வெண்ணிலா செருப்பை மாட்டிக்கொண்டு அவளோடு போனாள். பிரவுசிங் சென்டரில் ஷரீஃபா தன் விசிட்டிங் கார்டைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். லாரி வந்தது. அதன் பக்கத்தில் கோதண்டம் மாமா, புதுச் சட்டையில், அழைத்த உடனே வருவோம் என்ற வாசகத்துடனும் செல்போன் நம்பருடனும் சிரித்துக்கொண்டிருந்தார்.

வெண்ணிலா அதே பெயரைத் தன் வழக்கப்படி அடித்தாள். கவுன் வந்தது.

இப்போது புரிந்தது. ஊரே பெயருக்கு முன்னால் மூன்று டபிள்யூ போட்டுத்தான் அடிக்கும். விசிட்டிங் கார்டிலும் அப்படித்தான் இருந்தது. வெண்ணிலா ஒருத்திதான் சோம்பேறித்தனமாக அதை விட்டுவிட்டு அடிப்பவள். சர்வரிலும் ஷரீஃபாவின் பெயரை அப்படியே மொட்டையாகப் பதிந்திருந்தாள். வாசலில் வந்து கேட்கும் பெயர் தனக்குத் தெரியாவிட்டால் சர்வர் திருப்பி அனுப்பாது. தன் அமைப்பில் முதலில் எந்த வெப்சைட் இருக்கிறதோ அதைக் காட்டிவிடும். முதலில் இருந்தது லாரி.

முதலில் ஒரு வெற்றுப் பக்கத்தை வை என்று அவள் கற்ற பாடத்தில் தெளிவாகவே இருந்தது. வைக்கத்தான் போனாள். கோதண்டம் வீட்டுக்கு மூத்தவர், வீடும் அவருடையது, பிராட்பேண்டும் அவர் பெயரில். அவர் தலைக்கு மேலே ஒரு காலிப் பக்கமா என்று கை கூசிவிட்டது. கல்யாணப் பத்திரிகையில் பெரியவர் பெயரை மேலே போடுகிற கை அது. கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும் மரியாதை?

வீடு திரும்பி, இரண்டு வெப்சைட்டுக்கும் மூன்று டபிள்யூவுடன் வரும் பெயரையும் சேர்த்து, சர்வரை மறுபடி ஓட விட்டாள். இரண்டு நிமிட வேலை. பிரவுசிங் சென்டர்க்காரருக்குப் போன் செய்து பார்க்கச் சொன்னாள். கவுன்தான் வருகிறது என்றார். ஷரீஃபா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அந்த நேரத்தில் கோதண்டம் சாப்பிட வந்தார்.

"இன்னாமா வெண்ணிலா, காலைலேர்ந்து ஒரே பேஜார். யாரோ ஜெயசீலியாம். லாரி படம் வருதே, இது கவுன் கடைதானேன்னு கேக்குது."

ஷரீஃபா எழுந்து நின்றுவிட்டாள். வெண்ணிலாதான் கேட்டாள்.

"நீங்க என்ன மாமா சொன்னீங்க?"

"ஆமாம்மான்னேன். நம்ம தொழில்ல இல்லைன்ற வார்த்தையே கெடையாது. இல்லைன்னா அடுத்த லாரிக்காரனைக் கூப்ட்டுடுவான். அட்ரஸ் வாங்கினு, சாயங்காலம் வண்டி வந்துடும்னு சொல்லிட்டேன்."

வெண்ணிலாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஷரீஃபாவுக்கு அந்தச் சந்தேகம் இல்லை. சாயங்காலம் என்று வாக்குப் போய்விட்டது. தைத்து வைத்திருந்த கவுன்களில் நல்லதாக ஒன்றைப் பழைய பெட்ஷீட்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் பறந்தாள்.

அவள் போன பிறகு வெண்ணிலா சாதத்தைப் பரிமாறிக்கொண்டே நடந்ததைச் சொன்னாள். தப்பு தன்னுடையது என்பதையும் சொன்னாள். ஒன்றை மட்டும் சொல்ல நாக்கு எழவில்லை. யாராவது வேறு விதமாகத் தப்பாக அடித்தால் இனியும் லாரிதான் வரும். கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"உங்களுதைக் கொஞ்சம் கீழ தள்ளட்டுமா மாமா?"

கோதண்டம் ரசத்தை உறிஞ்சினார்.

"தள்ளேன். என்னை எவன்மா ஆசைப்பட்டுத் தேடப் போறான்? நாத்தம் வந்தா தானா கூப்புடுவான். அந்தப் பொண்ணை முன்னாடி போடு."

இதற்காகவா இத்தனை நாள் கை கூசியது என்று வெண்ணிலாவுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. கை கழுவிவிட்டுப் போய் முதல் வேலையாக ஷரீஃபாவை மேலே ஏற்றினாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் ஷரீஃபா வெறுங்கையோடு வந்தாள். கவுனைக் கடையிலேயே பொம்மைக்குப் போட்டுக் கண்ணாடிக்குள் நிறுத்திவிட்டார்களாம். சீசன் முழுக்க அவளேதானாம். சொல்லும்போதே அழுதாள், வெண்ணிலாவும் சேர்ந்து அழுதாள்.

வாசலில் கோதண்டத்தின் செல்போன் அடித்தது. பேசிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அதே அம்மாதான். கவுன் வந்துடுச்சு, வண்டி எங்கன்னு கேக்குது. வூட்ல டேங்க் ரொம்பிகினு கீதாம்."

லாரிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.